கெட்டி ஒன்று, கெட்டி இரண்டு

தேநீருக்கு நன்றி. தங்கள் அலுவலகக் காவலர் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பிக் கொண்டுவந்து வைத்தார். நம் வீடுகளில் விருந்தினருக்கு அரைக் கிண்ணத்துக்கும் குறைவாகவே ஊற்றுவோம். நிரம்பிய கிண்ணம் வந்தால், குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று பொருள். அவர் அப்படி எண்ணிச் செய்திருக்கமாட்டார். அரசாங்கக் கிண்ணத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்று எடுத்துக்கொண்டேன்.

மதிப்பிற்குரிய விசாரணை அதிகாரி அவர்களே, என் கையாலேயே எழுதித்தர அனுமதித்ததற்கும் நன்றி. நேற்று மாலை தாங்கள் என்மீது இரக்கப்பட்டு ஒரு வார்த்தை சொன்னீர்கள். "அக்கா, இது வழக்கத்தால வந்த பிழை. ரெண்டு பேர் பேரையும் உங்களால எழுத முடியல, அதனால கோப்பு மாறிப்போச்சு. அப்படியே எழுதிக் கொடுத்துடுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்." தாங்களும் ஒரு வீட்டு மருமகள் என்பதை அந்தக் கனிவிலேயே தெரிந்துகொண்டேன். இரவு முழுவதும் யோசித்துப் பார்த்தேன். அந்த உதவியை நான் பணிவோடு மறுக்க வேண்டியிருக்கிறது. கோப்பு மாறவில்லை. நான் மாற்றினேன்.

வரிசையாகச் சொல்கிறேன்.

இருபத்து நான்கு ஆண்டுகளாக அக்-கெச்சூ ஊரின் மருத்துவ நிலையத்தில் நான் ஃபெல்ட்ஷராக இருக்கிறேன். டாக்டருக்கு ஒரு படி கீழே, தாதிக்கு ஒரு படி மேலே. டிப்ளமோவோடுதான் அந்த ஊருக்கு மணமகளாக வந்தேன். வந்த முதல் நாளே ஓர்ப்படி என்னை அடுப்படிக்கு அழைத்து, சொல்லக் கூடாத பெயர்களை விரல்விட்டு எண்ணிக் காட்டினார். பதினொரு பெயர்கள். அவற்றில் முதலாவது அவருடைய கணவர், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன், என் மூத்தார். அவருடைய பெயரின் முற்பாதி, குதிரை லாடம் அடிக்கிறார்களே, அந்த உலோகம். எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்ட பெண்கள் யாரும் அந்த உலோகத்தின் பெயரைச் சொல்வதில்லை. 'கெட்டி' என்போம். கெட்டிக் கட்டில், கெட்டி அடுப்பு. இரத்தம் குறைந்த கர்ப்பிணிகளுக்கு நான் கொடுக்கும் மாத்திரையும் கெட்டி மாத்திரைதான். பதிவேட்டில் அப்படியே எழுதி வைத்திருப்பேன். மாவட்டத்திலிருந்து சோதனைக்கு வருபவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சென்ற செப்டம்பரில் அந்தச் செயலி வந்தது. சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண் உள்ளவர்களை வியாழக்கிழமைதோறும் வரவழைத்து, புண்ணருகே ஒரு சின்னச் சதுரத் தாளை ஒட்டிக் கைப்பேசியில் படம் எடுக்க வேண்டும். புண் எத்தனை சென்டிமீட்டர், சதை என்ன நிறம் என்று செயலியே கணக்கிடும். ஆறுகிறது என்றால் பச்சை. நின்றுவிட்டது என்றால் மஞ்சள். கெடுகிறது என்றால் சிவப்பு. மாகாணத் தலைநகரில் டாக்டர் எர்மெக் அதைத் தன் திரையில் பார்த்து எனக்குத் தொலைபேசுவார். பனிக்காலத்தில் கணவாய் அடிக்கடி அடைத்துக்கொள்ளும் எங்களைப் போன்ற ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைத் தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தச் செயலியில் ஒரு குறையும் இல்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் இரண்டு நோயாளிகள். ஒருவர் என் மூத்தார். இன்னொருவர் தேனீ வளர்ப்பவர், வீட்டுக்காரருக்குப் பெரியப்பா முறை. இருவருக்கும் புண் இடது காலில், பெருவிரலுக்குக் கீழே. தேன்காரரின் பெயரும் அதே உலோகத்தில்தான் தொடங்குகிறது. பயிற்சி நாளன்று பெயர் கேட்ட கட்டத்துக்கு முன்னால் நான் விரலை வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்னக்கா யோசனை? பேரைத் தட்டுங்க" என்றார் டாக்டர் எர்மெக். தலைநகரில் படித்த பிள்ளை.

"எனக்கு அவங்க பேரைச் சொல்ற முறை இல்ல, டாக்டர்."

"சொல்ல வேணாம். தட்டினாப் போதும். கைப்பேசி என்ன உங்க மாமனாரா?"

"தட்டறதும் சொல்றதும் ஒண்ணுதான்."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டு, "சரி, எதையாவது போடுங்க, சாமி" என்றார். நான் 'கெட்டி 1' என்றும் 'கெட்டி 2' என்றும் போட்டேன். தொடர்பு எண் இருவருக்கும் என்னுடையதே. தங்கள் மேசையில் இருக்கும் குழப்பத்துக்கெல்லாம் இதுதான் வேர் என்று தாங்கள் கருதுகிறீர்கள். எனக்கு அதில் ஒருபோதும் குழப்பம் இருந்ததில்லை. ஒன்று என் மூத்தார், இரண்டு தேன்காரர்.

அந்த வியாழக்கிழமைகளைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். இருபத்து நான்கு ஆண்டுகளில் நான் மூத்தாருக்கு முன்னால் நடந்ததில்லை. அவர் அமர்ந்திருக்கும் அறையில் அவருக்கு முதுகு காட்டியதில்லை. கதவுவரை பின்னோக்கியே நடப்பேன். இப்போது அவர் நிலையத்துக்கு வருவார். நான் நாற்காலியில் அமர்ந்திருப்பேன். "காலைத் தூக்குங்க" என்பேன், தூக்குவார். "அசையாதீங்க" என்பேன், அசையமாட்டார். அவருடைய குதிகால் என் மடியில் இருக்கும். உப்புநீரால் கழுவி, செத்த சதையைச் சுரண்டி, படம் எடுத்து, கட்டுவேன். அவருக்குப் பாதத்தில் உணர்ச்சி இல்லை. சர்க்கரை நோய் முற்றினால் அப்படித்தான். கண்ணும் மங்கிவிட்டிருந்தது. தன் உள்ளங்காலில் என்ன நடக்கிறது என்பதை அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். நான் நன்றாகவே வேலை செய்தேன். புண் பட்ட இடம் தரையில் அழுந்தாதபடி, அடித்து இறுக்கிய தடித்த கம்பளியில் ஒரு மெத்தை வெட்டி, சரியாக அந்த இடத்தில் ஒரு துளை போட்டு, அவருடைய பூட்சுக்குள் வைத்தேன். அந்தத் துளைதான் மருந்து. மற்றதெல்லாம் அதற்குத் துணை.

நவம்பர் இறுதியில் மூன்று வாரம் தொடர்ந்து பச்சை வந்தது. சதை இளஞ்சிவப்பாகக் கூடிக்கொண்டிருந்தது. டாக்டர் எர்மெக் என்னைப் பாராட்டினார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இன்னும் மூன்று நான்கு வாரத்தில் அவர் வரமாட்டார் என்ற எண்ணமும் வந்தது. அது அவ்வளவு மகிழ்ச்சியாக இல்லை. ஆனால் அது ஒரு எண்ணம் மட்டும்தான். அதற்காக யாரும் யாரையும் விசாரிக்க முடியாது.

டிசம்பர் முதல் ஞாயிறு மூத்தார் வீட்டில் பனிக்காலத்துக்குக் குதிரை அறுத்தார்கள். நடுப்பகல் விருந்து. பதினைந்து ஆண்கள். நான் சமோவார் கொதிகலத்துக்கு அருகில் மண்டியிட்டு எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் மூத்தாரின் காலைப் பற்றிக் கேட்டார்.

"ஆறிடுச்சுப்பா. எங்க வீட்டுப் பொண்ணு கை அப்படி. நகரத்து டாக்டருங்க எல்லாம் இவ எடுக்கற படத்தப் பாத்து வாயைப் பிளக்கறாங்களாம்."

"அப்போ டாக்டருக்கே படிச்சிருக்கலாமே?" என்றார் தேன்காரர், எலும்பைக் கடித்துக்கொண்டே.

மூத்தார் சிரித்தார். "படிக்கக் கூப்பிட்டுக் கடுதாசி வந்துச்சே. தபால்காரன் என் கையிலதான் குடுத்தான். இவளுக்கு விருப்பமில்லன்னு நானே பதில் எழுதி, இவ பேரைப் போட்டு அனுப்பிட்டேன். அன்னிக்கு அந்தப் பதிலைப் போடலேன்னா இன்னிக்கு என் காலை யாரு கழுவுவா? நீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். தேன்காரர் மட்டும் எலும்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் அந்தத் தேர்வை எழுதியது இருபத்து இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால், கோடையில். தலைநகரத்து மருத்துவக் கல்லூரியில் எட்டு இடங்கள் ஊர் ஃபெல்ட்ஷர்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். பதில் வரவில்லை. எனக்குத் தகுதி இல்லை என்று நான் நம்பினேன். அந்த நம்பிக்கையோடு இருபத்து இரண்டு ஆண்டுகள் வேலை செய்தேன். ஒவ்வொரு முறை மருத்துவர் ஒருவர் என்னைத் திருத்தும்போதும், ஆம், எனக்கு எட்டாதது இது என்று தலையசைத்தேன். என் பெயரை அவர் எழுதலாம். அவர் பெயரை நான் எழுதக் கூடாது. அந்தச் சட்டத்தின் முழு அகலமும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு துளியும் சிந்தவில்லை. அவருடைய கிண்ணத்தை வாங்கி, விளிம்புவரை நிரப்பி, இரு கைகளாலும் நீட்டினேன். "என்னம்மா, என் வீட்லேருந்தே என்னை வெளியே போகச் சொல்றியா?" என்று அவர் மேலும் உரக்கச் சிரித்தார். பதினைந்து பேர் சாட்சியாக அவருக்கு முறையாக அறிவித்தேன் என்பதே நான் சொல்ல வருவது. யாருக்கும் புரியாதது என் பிழையல்ல.

வியாழக்கிழமை அவர் வந்தார். பூட்சைக் கழற்றினேன். கம்பளி மெத்தையை எடுத்து, கழுவி வைப்பதாகச் சொல்லி உள்ளே கொண்டுபோனேன். வெட்டி எடுத்திருந்த வட்டத் துண்டை நான் எறியாமல் வைத்திருந்தேன். அதைத் துளையில் பொருத்தி, சுற்றிலும் தைத்தேன். நல்ல தையல். தாங்கள் சான்றுப் பொருளாக எடுத்து வைத்திருக்கிறீர்கள்; தொட்டுப் பார்த்தால் தெரியும், மேடு சற்றுத் துருத்திக்கொண்டிருக்கும்படி தைத்திருக்கிறேன். பிறகு அதைப் பூட்சுக்குள் வைத்து, அவரிடம், "இனிமே நடக்கலாம். தினமும் ஆத்தங்கரை வரைக்கும் போய்ட்டு வாங்க, ரத்த ஓட்டத்துக்கு நல்லது" என்றேன். அவர் கீழ்ப்படிந்தார். பிப்ரவரி வரை ஒரு நாள்கூடத் தவறவில்லை என்று ஓர்ப்படி சொன்னார்.

அவருக்கு வலிக்கவில்லை. இதைப் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். நான்கு மாதங்களில் நான் அவருக்கு ஒரு கணம்கூட வலி தரவில்லை. அவர் எனக்குச் செய்ததை அப்படிச் சொல்ல முடியாது.

படங்களைப் பற்றித் தாங்கள் மூன்று முறை கேட்டீர்கள். பொய்ப் படம் ஒன்றுகூட நான் அனுப்பவில்லை. இரண்டு கால்களையும் வியாழன்தோறும் எடுத்தேன், இரண்டையும் அனுப்பினேன். டிசம்பரிலிருந்து தேன்காரரின் காலைக் கெட்டி ஒன்றிலும் மூத்தாரின் காலைக் கெட்டி இரண்டிலும் போட்டேன். அவ்வளவுதான். டாக்டர் எர்மெக் ஒவ்வொரு வாரமும் என் மூத்தாரின் உண்மையான புண்ணைத்தான் பார்த்தார். பெயர் மட்டும் வேறு. ஒருவர் இன்னொருவர் பெயரில் பதில் அனுப்புவது எங்கள் குடும்பத்தில் புதிதல்ல.

ஜனவரியில் கெட்டி இரண்டு மஞ்சளானது. பிப்ரவரியில் சிவப்பு.

"அக்கா, ரெண்டாவது ஆளை உடனே அனுப்புங்க. எலும்பு வரைக்கும் போயிருக்கும் போலிருக்கே."

"வரமாட்டேங்கறார், டாக்டர்."

"கெட்டின்னு பேரு வெச்சதுக்கு மண்டையும் கெட்டியா? நல்லாப் பேசிப் பாருங்கக்கா. அதுவரைக்கும் இந்த மாத்திரையைக் கொடுங்க. ஒரு வேளைகூட விடக் கூடாது."

மாத்திரைகள் பால்வண்டியில் வந்தன. நிலையத்தின் அலமாரியில், இடது பக்கம், மேல் தட்டில் இருந்ததைத் தங்கள் ஆட்கள் எடுத்தார்கள். முத்திரை உடையாமல் இருந்ததைக் கண்டிருப்பார்கள். தேன்காரருக்கு அவை தேவைப்படவில்லை; அவர் கால் ஆறிவிட்டது. அவரையும் நான்தான் ஆற்றினேன் என்பதை யாரும் குறிப்பிடவில்லை. அது எனக்குச் சற்று வருத்தம்.

வாடை வரத் தொடங்கியபோது ஓர்ப்படி வாசலில் நின்று மூக்கைப் பொத்தினார்.

"என்னடி இது, செத்த ஆட்டு வாடை?"

"புது மருந்துக்கா. அப்படித்தான் இருக்கும்."

"மருந்தா? இவரோட ஒரே அறையில படுக்க முடியல. நாயும் கிட்ட வரமாட்டேங்குது."

நான் காட்டு ஜூனிப்பர் கிளைகளைக் கொடுத்து வீட்டில் புகைபோடச் சொன்னேன். போட்டார்கள்.

மார்ச் இரண்டாவது வியாழனன்று மூத்தாருக்குக் காய்ச்சல். நடக்க முடியாமல் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. அவர் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போது அவர் சொன்னார்: "அனார்குல்."

அந்த வாயிலிருந்து என் பெயர் வந்தது அதுவே முதல் முறை. அந்தச் சத்தத்துக்கு எனக்குப் பழக்கமில்லை.

"அனார்குல், நீ இல்லேன்னா இந்தக் கால் என்னிக்கோ போயிருக்கும்மா. அந்தக் கடுதாசி விஷயம்... நான் அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது."

தாங்கள் நேற்றுக் கேட்டீர்கள், ஒரு கணமாவது மனம் இளகவில்லையா என்று. இளகியது. அந்த வாரம் பஞ்சை இரண்டு மடிப்புக் கூடுதலாக வைத்துக் கட்டினேன். பிறகு படம் எடுத்துக் கெட்டி இரண்டில் போட்டேன். மன்னிப்புக் கேட்க அவருக்கு இருபத்து இரண்டு ஆண்டுகள் இருந்தன. அவர் ஒரு வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். வியாழக்கிழமை எனக்கு வேலை நாள்.

அடுத்த புதன்கிழமை என்னை மாவட்டத் தலைமையிடத்துக்கு அழைத்தார்கள். செயலியைச் சிறப்பாகப் பயன்படுத்திய நால்வருக்குப் பாராட்டுச் சான்றிதழ். கெட்டி ஒன்றின் படங்களைப் பெரிய திரையில் வரிசையாகக் காட்டினார்கள். புண் சுருங்கிச் சுருங்கி ஒரு கோடாகி மறைந்தது. கை தட்டினார்கள். அதே நேரத்தில், பிடிவாதக்கார நோயாளியை இனி விட்டுவைக்க முடியாது என்று டாக்டர் எர்மெக் அனுப்பிய ஆம்புலன்ஸ் எங்கள் ஊருக்குள் வந்துவிட்டது. ஓட்டுநர், கெட்டி இரண்டின் தொழில் கட்டத்தில் நான் போட்டிருந்த 'தேனீ வளர்ப்பு' என்பதை வைத்து ஊரில் விசாரித்து, தேன்காரரை ஏறக்குறையத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். ஐந்து மணி நேரப் பயணம். மருத்துவமனையில் தேன்காரர் காலுறையைக் கழற்றி மேசைமேல் காலை வைத்து, "வெட்டணும்னு கூட்டியாந்தீங்களாமே? எந்தக் காலைன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. எனக்கு ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு" என்றாராம். டாக்டர் எர்மெக் கைப்பேசியையும் அந்தக் காலையும் மாறி மாறிப் பார்த்தாராம். பிறகு ஓடினாராம்.

என் மூத்தாரை மறுநாள் கொண்டுபோனார்கள். முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். நான்காம் நாள் இறந்தார்.

அந்தக் கேள்விக்கு இப்போது தெளிவாகப் பதில் எழுதுகிறேன். அவர் இறப்பார் என்று எனக்குத் தெரியுமா? தெரியும். டிசம்பரிலேயே தெரியுமா? தெரியும். டாக்டராகும் அளவுக்குப் படிக்காத ஒருத்திக்கு அது எப்படித் தெரியும் என்று தங்கள் மருத்துவ நிபுணர் கேட்டிருக்கிறார். எட்டுப் பேரில் நான் எத்தனையாவதாகத் தேறினேன் என்பதைக் கல்லூரியின் பழைய பதிவேட்டில் பார்க்கும்படி அவரைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நானும் அதை அறிய விரும்புகிறேன்.

ஆகவே, வழக்கம், குழப்பம், கவனக்குறைவு என்ற சொற்களைத் தயவுசெய்து கோப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். கவனக்குறைவாக நான் எதையும் செய்ததில்லை. பேர் சொல்லத் தெரியாத அப்பாவி மருமகள் ஒருத்தி கைப்பேசியில் தடுமாறினாள் என்று ஊரார் என்னைக் காப்பாற்ற நினைக்கிறார்கள். அதே அப்பாவி மருமகளின் பெயரில்தான் அந்தக் கடிதமும் போனது. மீண்டும் ஒருமுறை பிறர் எழுதிய பதிலுக்குக் கீழே என் பெயர் நிற்க நான் சம்மதியேன். மூத்தார் அடக்கத்தன்று ஓர்ப்படி என் துணிமணியை மூட்டை கட்டி வாசலில் வைத்துவிட்டார். வீட்டுக்காரரும் தடுக்கவில்லை. நான் இப்போது அந்த வீட்டு மருமகள் அல்ல. அந்த வீட்டின் எந்தச் சட்டமும் என்னைக் கட்டாது. நான் யாருக்கும் அஞ்சுபவள் அல்ல.

தாங்கள் கொடுத்த படிவத்தையும் நிரப்பி இத்துடன் இணைத்திருக்கிறேன். என் பெயர், வயது, கல்வித் தகுதி, செய்த குற்றம், எல்லாம் தெளிவான எழுத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமிட்டிருக்கிறேன். ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது: 'இறந்தவரின் முழுப்பெயர்'. பேனாவைப் பலமுறை வைத்துப் பார்த்தேன். தாளில் சில மைப்புள்ளிகள் விழுந்துவிட்டன, மன்னிக்கவும். அந்தக் கட்டத்தைத் தாங்களே நிரப்பிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். என் மூத்தார் பெயரை நான் எழுதுவது அவருக்கு மரியாதையாக இராது.